வாயைத் திறந்தால் வைத்தியச் செலவு மிச்சம்!



இந்தக் கடிதத்தை எழுதலாமா, வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தும் போட்டேன். கடைசியில் எழுத வைத்தது எங்கள் பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு நோட்டீஸ். "நரம்புத் தளர்ச்சி, சீக்கிர ஸ்கலிதம், இளமையில் செய்த தவறுகள் - நிரந்தர குணம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆறாவது படிக்கும் என் மகள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "அம்மா, ஸ்கலிதம்னா என்னம்மா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "வேன் வந்துடுச்சு, ஏறு" என்று தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஊர்ச் சுவரெல்லாம் பேசுகிற விஷயத்தைக் குடும்பத்துக்குள் மட்டும் பேசக் கூடாது என்றால், அந்தச் சுவர்க்காரன் சொல்வதுதானே வேதம்? எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன். என் பெயரை மட்டும் போட வேண்டாம்.

எனக்கு 34 வயது. ப்ளஸ் டூ வரை படித்தவள். 2012-ல் கல்யாணமாகி மணலி புதுநகருக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று வாரத்துக்கு ஒரு நேரம் வேலை. நல்ல மனுஷன். கை ஓங்கினதில்லை, சம்பளத்தை ஒளித்ததில்லை.

அப்படிப்பட்டவர் 2023-ல் என்னுடைய இரண்டரைப் பவுன் செயினை வாங்கிக்கொண்டு போனார். "ஒரு ஃபிரெண்டுக்கு அவசரம், ரெண்டு மாசத்துல திருப்பிடறேன்" என்றார். இரண்டு மாதம் ஆறு மாதமாயிற்று. கேட்டால் எரிந்து விழுவார். ராத்திரியில் திரும்பிப் படுத்துக்கொள்வார். நானோ, வேறு எங்கேயோ தொடர்பு என்றே முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் பாத்திரம் தேய்க்கும்போது அழுவேன்.

அந்த வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் தண்ணீர் சூழ்ந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அரிசி, பிள்ளைகள் புத்தகம், ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பரண் மேல் ஏற்றும்போது, பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள் கையில் தட்டுப்பட்டன. உள்ளே கறுப்பாக லேகியம், ஒரு பொட்டலத்தில் பொடி. கூடவே சென்ட்ரல் பக்கம் ஒரு லாட்ஜின் ரூம் நம்பர் எழுதின சீட்டு.

அன்று ராத்திரி கரண்ட் இல்லை. பிள்ளைகளும் அத்தையும் கட்டில் மேல் தூங்கிவிட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். "என்னங்க இது?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நீதானே அன்னிக்கு 'அவ்ளோதானா?'ன்னு கேட்டே."

நான் எப்போது கேட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லை. 2016-ல் சின்னவன் பிறந்து ஐந்தாறு மாதம் இருக்கும்போதாம். தூக்கம் கெட்ட அலுப்பில், எந்த அர்த்தமும் இல்லாமல் வாயில் வந்த வார்த்தை. அதை அந்த மனுஷன் ஏழு வருஷம் சுமந்திருக்கிறார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் "இன்னிக்கும் சீக்கிரம் ஆயிடுமோ" என்ற பயத்திலேயே என் பக்கத்தில் வந்திருக்கிறார். பயந்த அளவுக்கு இன்னும் சீக்கிரம் ஆகியிருக்கிறது. கடைசியில் சுவர் நோட்டீஸைப் பார்த்து லாட்ஜுக்குப் போயிருக்கிறார். "கைப்பழக்கத்தால நரம்பு செத்துப் போச்சு. இப்படியே விட்டா குடும்பம் நடத்த முடியாது. மூணு மண்டலம் சாப்பிடணும், ஒரு மண்டலத்துக்கு 15,000" என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். செயின் 45,000 ரூபாயாகி, 45,000 ரூபாய் லேகியமாகிப் பரணில் உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டால் படபடப்பும் முகவீக்கமும் வந்ததால் முழுசாகச் சாப்பிடவும் இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை, சகோதரிகளே. வேறு பெண் இல்லை என்ற நிம்மதியும், ஒரு வார்த்தையால் இவ்வளவு நடந்ததே என்ற வெட்கமும்தான் வந்தது.

தண்ணீர் வடிந்து, வீடு கழுவி முடித்த பிறகு, நானே அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் சிறுநீரகப் பிரிவில் பார்த்தார்கள். சர்க்கரை, தைராய்டு எல்லாம் சோதித்தார்கள். "உடம்பில் கோளாறு இல்லை" என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். "நான் என்ன பைத்தியமா?" என்று அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இழுத்துக்கொண்டு போகாத குறைதான்.

அந்த டாக்டர் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். ஆரம்பத்திலிருந்தே இப்படியா, நடுவில் வந்ததா? எத்தனை பேர் ஒரே அறையில் படுக்கிறீர்கள்? நைட் ஷிப்ட் எத்தனை நாள்? குடிப்பீர்களா? இரண்டு பேரும் சேர்வதற்கு எத்தனை நாள் இடைவெளி விழுகிறது? முடிந்ததும் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்வீர்கள்? லாட்ஜ் ஆசாமி சொன்ன "செத்த நரம்பை"ப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எல்லாம் எங்கள் வாழ்க்கை முறையைப் பற்றித்தான்.

எங்கள் வாழ்க்கை என்ன? ஒரு ஹால், ஒரு ரூம். ரூமில் நாங்கள் நாலு பேர், ஹாலில் அத்தை. தாழ்ப்பாள் சரியாக விழாது. பிள்ளை புரண்டால் மூச்சை அடக்கிக்கொள்வோம், அத்தை இருமினால் நின்றுவிடுவோம். ஷிப்ட் மாறி மாறி வருவதால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் சேர்ந்து படுக்கவே முடியும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! அவசரத்தை இத்தனை வருஷம் பழக்கிவிட்டு, இப்போது ஏன் அவசரம் என்றால் உடம்பு என்ன செய்யும்?

டாக்டர் சொன்னதையும், பிறகு நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். டாக்டர்கள் இதை விந்து முந்துதல் என்கிறார்கள். உலகம் முழுக்க ஆண்களுக்கு வருகிற சாதாரணப் பிரச்னை. எவ்வளவு நேரம் என்பதற்கு 2005-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் நெதர்லாந்து, இங்கிலாந்து, ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 500 தம்பதிகளைக் கடிகாரம் வைத்துக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். சிலருக்கு அரை நிமிஷம், சிலருக்கு 44 நிமிஷம். வரிசையில் நடுவில் வந்தது 5.4 நிமிஷம். அரை மணி, ஒரு மணி என்று சினிமாவிலும் செல்போனிலும் பார்த்துவிட்டு, தனக்கு வியாதி என்று நினைக்கும் ஆண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கைச் சொன்னாலே மனம் லேசாகும்.

அப்படியென்றால் எதைப் பிரச்னை என்பது? 2014-ல் சர்வதேச டாக்டர்கள் சங்கம் கொடுத்த விளக்கம் இது: ஆரம்பத்திலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுவது, அல்லது முன்பு நன்றாக இருந்து பிறகு மூன்று நிமிஷத்துக்குள் குறைந்துவிடுவது, தடுத்து நிறுத்த முடியாமல் போவது, அதனால் மனவேதனை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வைத்தியம் வேண்டும். சில பேருக்குப் பிறவியிலேயே உடம்பு வாகு அப்படி. நடுவில் வந்தது என்றால் தைராய்டு, சுக்கிலச் சுரப்பி வீக்கம், விறைப்புக் குறைவு போன்றவையும் காரணமாக இருக்கலாம். அதனால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பழக்கத்தை மாற்றுவது அதற்கப்புறம்.

பழக்கத்தை மாற்றும் முறை ஒன்றும் புதுசு இல்லை. 1956-ல் செமன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் எழுதி வைத்தது. வேகம் கூடி, இனிமேல் தாங்காது என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். அந்த உணர்ச்சி தணிந்த பிறகு மறுபடி தொடங்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டுப் பிறகு விட்டுவிடலாம். நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைத்துப் பிரயோஜனமில்லை. ஓரத்தில் நுரை கட்டும்போதே தணலைக் குறைக்க வேண்டும். 1970-ல் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் இதையே இன்னும் விரிவாக்கி, கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். இதில் ஆணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது என்பது அவர்கள் கட்சி.

இன்னொரு பயிற்சியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு நர்சம்மா நமக்குச் சொல்லித் தருவார்களே, சிறுநீரை அடக்குகிற மாதிரி கீழ்த் தசையை இறுக்கிப் பிடித்து விடுவது? கெகல் என்ற டாக்டர் 1948-ல் பெண்களுக்காகச் சொன்ன அதே பயிற்சிதான் ஆண்களுக்கும். இத்தாலியில் 40 ஆண்களுக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்ததில் 33 பேருக்குக் கட்டுப்பாடு வந்ததாக 2014-ல் எழுதியிருக்கிறார்கள். சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் செலவில்லாத பயிற்சி. அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தது நான்தான்! பஸ்ஸில் நின்றுகொண்டே செய்கிறார், யாருக்கும் தெரியாது.

மாத்திரையும் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடலாம். மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாகக் கேட்டு வாங்கக் கூடாது. டபாக்ஸிடின் போன்ற மாத்திரை சில பேருக்கு மயக்கத்தைக் கொண்டுவரும். குடித்துவிட்டுப் போட்டால் ஆபத்து. எங்களுக்கு மாத்திரை இல்லாமலே பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். அறுபது ரூபாய்க்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போட்டோம். "பிள்ளைங்க உங்க கிட்ட படுக்கட்டும் அத்தை, கதை கேக்கணுமாம்" என்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். மறு பேச்சில்லாமல் பாயை விரித்தார்கள். சி ஷிப்ட் முடிந்து களைத்து வரும் நாளில் எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். லீவு நாளில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, பகலிலேயே பேசிக்கொண்டு படுத்திருப்போம். "ஒரு குவார்ட்டர் போட்டா நேரம் தாங்கும்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதை விட்டார். முக்கியமாக, கொஞ்ச நாளைக்குக் "கடைசி வரை போகணும்" என்ற எண்ணமே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரீட்சை இல்லை என்றால் பயமும் இல்லைதானே? அவருக்கு முடிந்துவிட்டாலும் என்னை விட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கக் கூடாது என்பதும் ஒப்பந்தம். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துத்தான் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று அவர் கேட்டார். பதில் சொல்ல எனக்கே தெரியவில்லை. அதையும் கற்றுக்கொண்டேன்.

மூன்று நாளில் எதுவும் நடக்கவில்லை. நாலு மாதம் ஆயிற்று. நடுவில் கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று கவலை வந்தபோது பழையபடி ஆகிவிட்டது. ஆனால் இந்தத் தடவை அவரே, "மனசு சரியில்லடி, அதான்" என்று சொன்னார். ஏழு வருஷம் சொல்லாமல் இருந்த மனுஷன் சொல்லிவிட்டார் அல்லவா, எனக்கு அதுவே பாதி குணம். பயிற்சியை விட்டால் பழைய அவசரம் திரும்பி வரும் என்று டாக்டர் முன்னாடியே எச்சரித்திருந்ததால் மறுபடி தொடங்கினோம்.

இதை என் நெருங்கின சிநேகிதியிடம் சொன்னபோது, "இதையும் பொம்பளை தலையிலேயே கட்டறியா? அவங்க குறைக்கு நாம ஏன் அனுசரிச்சுப் போகணும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. குழந்தை இல்லையென்றால் நம்மைக் குறை சொல்வார்கள், படுக்கையில் திருப்தி இல்லையென்றாலும் நம்மையே பொறுத்துப் போகச் சொல்வார்கள். நான் பொறுத்துப் போகச் சொல்லவில்லை. பொறுத்துப் போனதுதான் எங்கள் வீட்டில் வினையாயிற்று. எனக்கும் ஆசை உண்டு, எனக்கும் குறை உண்டு என்று நான் ஒழுங்காக உட்கார்ந்து பேசியிருந்தால், அது "அவ்ளோதானா?" என்று குத்தலாக வெளியே வந்திருக்காது. பேசுவது வேறு, குத்துவது வேறு. டாக்டரிடம் வரமாட்டேன், பழக்கத்தையும் மாற்றமாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற ஆணை மனைவி ஒருத்தியாகத் திருத்த முடியாது என்பதும் உண்மை. ஆனால் வெட்கத்தில் ஊமையாக இருப்பவரையும் முரடர் என்று நினைத்துவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆண்களின் இந்த வெட்கத்தை வைத்துத்தான் ஒரு வியாபாரமே நடக்கிறது. விந்து போனால் உயிர்ச்சத்தே போயிற்று என்ற பயம் நம் நாட்டில் ரொம்பப் பழசு. அந்தப் பயத்தால் வரும் சோர்வுக்கு 1960-லேயே டாக்டர் என்.என்.விக் என்ற மனநல நிபுணர் 'தாது நோய்க்குறி' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார். கைப்பழக்கத்தால் நரம்பு சாகாது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். தாம்பத்திய சுகத்தை அதிகமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. சட்டத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, நோட்டீஸ் மட்டும் புதுசு புதுசாக ஒட்டப்படுகிறது. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த வைத்தியர்களை நான் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒருநாள் ரூம் போட்டு, பெயர் தெரியாத லேகியத்தைத் தலையில் கட்டுகிறவர்களைத்தான் சொல்கிறேன். இப்படிப்பட்ட மருந்துகளில் ஆங்கில மாத்திரையும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, 2000-ஆம் வருஷம் வாக்கில், விஜய் டி.வி.யில் 'புதிரா புனிதமா' என்று ஒரு நிகழ்ச்சி வரும். மனநல மருத்துவர் மாத்ருபூதம், கேட்கிற சந்தேகங்களுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்வார். என் அம்மா எங்களைத் தூங்கச் சொல்லிவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அப்பாவோடு பார்ப்பார். நான் போர்வைக்குள் தூங்குகிற மாதிரி நடிப்பேன். அந்த டாக்டர் 2004-ல் காலமாகிவிட்டார். அம்மா போர்வைக்கு மறைத்துக் கேட்டது சரிதான். ஆனால் என் கல்யாணத்துக்கு முந்தின நாள், கேட்டதில் நாலு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம். "அவர் சொல்றபடி நடந்துக்கோ" என்றுதான் சொன்னார். அவருக்கும் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஆகவே என் கருத்து இதுதான். இது ஆம்பிளை சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள். கேலி, பெருமூச்சு, ஒப்பிட்டுப் பேசுவது வேண்டாம். லேகியத்துக்கு நகையைக் கொடுக்கும் முன் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு போடுங்கள். எங்கள் வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவும் இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.

செயினை இன்னும் மீட்கவில்லை. மாதா மாதம் வட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கழுத்தில் மஞ்சள் கயிறுதான். பார்க்கிறவர்கள் "செயின் எங்கே?" என்று கேட்கிறார்கள். "அடகுல இருக்கு" என்று மட்டும் சொல்கிறேன்.

மகள் கேட்ட கேள்விக்கு மறுநாள் பதில் சொன்னேன். "அது பெரியவங்க உடம்புல வர்ற ஒரு பிரச்னை. சுவத்துல ஒட்டறவங்க சொல்றது பொய். உண்மையை நீ பெரியவளானதும் அம்மாவே சொல்றேன்" என்றேன். சரியாகத்தான் சொன்னேனா? உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? சகோதரிகள் எழுதுங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மணலி புதுநகர், சென்னை.